ஊரிலிருந்து வரும் மாத்திரைப் பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் பொங்கோல் அன்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இங்கே சிங்கப்பூரில் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிற காசுக்கு ஊரில் மூன்று மாத மாத்திரை வாங்கிவிடலாம், ஆகவே பெற்றோரை அழைத்து வைத்துக்கொண்டிருப்பவர்கள் மருந்தை ஊரிலிருந்தே வரவழைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி. அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. ஒன்றரை வருடம் நானும் அதே கணக்கைப் போட்டவள்தான். ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. 2009இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். செங்காங்கில் குடியிருக்கிறோம், பாலர் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லித்தருகிறேன். மாமனார் காலமான பிறகு, 2023 தொடக்கத்தில் மாமியாரை நீண்டகால வருகை அட்டையில் அழைத்துவந்தோம். அவருக்கு அப்போது 66 வயது. கூடவே ஒரு கட்டைப்பையும் வந்தது. ஊர்த் துணிக்கடையின் பெயர் போட்ட பை. உள்ளே சர்க்கரைக்குக் கிளைகோமெட் ஜிபி 2, இரத்த அழுத்தத்துக்கு டெல்மா 40, ஒரு கால்சியம், ஒரு கேஸ் மாத்திரை, எதற்கும் இருக்கட்டும் என்று பத்து அட்டை டோலோ. அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, காலைக்கு ஒரு கட்டு, ராத்திரிக்கு ஒரு கட்டு என்று வைத்திருந்தார்.

பை காலியாக ஆரம்பித்ததும் வேறு வேலை தொடங்கிவிடும். திருச்சி விமானத்தில் இந்த மாதம் யார் வருகிறார்கள்? கீழ்வீட்டு அம்மாவின் தம்பியா, கோயிலில் பார்க்கிற ஒரத்தநாட்டுக்காரரா? நம்மில் பாதிப் பேருக்கு இந்த விசாரிப்பு பழக்கம்தான். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு மருந்தைக் கையோடு கொண்டுவரச் சிங்கப்பூரில் தடையில்லை. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை மாதிரி சிலவற்றுக்குத்தான் முன்னனுமதி வேண்டும். ஆனால் அந்தச் சலுகை கொண்டுவருபவர் தாமே சாப்பிடும் மருந்துக்கு. அடுத்த வீட்டு மாமியாரின் சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவரைச் சுங்கத்தில் யாராவது கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

2024 ஜூலையில் வர வேண்டிய பை இரண்டு வாரம் தாமதமானது. கொண்டுவருகிறேன் என்றவர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். அந்த இரண்டு வாரமும் அத்தை மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. கால் எரிகிறது என்றதும் அருகில் இருந்த ஒரு மருந்தகத்துக்கு (இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்கிறோம்) அழைத்துப்போனேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் ‘பதினைந்து’ என்றார். எனக்கு அது அதிகமா குறைச்சலா என்று தெரியாது. அத்தைக்கோ ஒரே சந்தோஷம்.

‘பதினஞ்சுதானா? ஊர்ல எனக்கு எரநூத்தம்பதுக்குக் கொறையாது. பாத்தியா, இந்த ஊர்த் தண்ணிக்கே எறங்கிப்போச்சு!’

ஊரில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள், இங்கே மில்லிமோல். ஊர்க் கணக்கை 18ஆல் வகுத்தால் இந்த ஊர்க் கணக்கு. 126 என்பது இங்கே 7. அத்தையின் ‘வெறும் பதினைந்து’ ஊர்க் கணக்கில் 270. கொழுப்புக்கு வகுக்கிற எண்ணே வேறு, சுமார் 39; அங்கே 200 என்றால் இங்கே 5.2. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற ஹெச்பிஏ1சி மட்டும் இரண்டு ஊரிலும் சதவீதம்தான். இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். ‘இப்ப ஒண்ணும் இல்ல’ என்றார். அது உண்மைதான்; இரண்டு வாரமாக ஒன்றும் இல்லை. நானும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் அவரைப் புதிதாகச் சர்க்கரை வந்தவராக நினைத்து, மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் எழுதினார். பிளாஸ்டிக் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரைகள் வந்தன. நான்கு நாள் கழித்து ஊர்ப் பையும் வந்து சேர்ந்தது.

அத்தை இரண்டையும் சாப்பிட்டார். ஏன் என்று பிறகு கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: ‘அது நம்ம ஊர் டாக்டர் குடுத்தது. இது இந்த ஊர் டாக்டர் குடுத்தது. ரெண்டு பேர்ல யார் சொல்லத் தட்டறது?’ வெள்ளிநிறத் தகட்டில் இருக்கிற கிளைகோமெட் ஜிபிக்குள்ளும் மெட்ஃபார்மின்தான் இருக்கிறது, அதோடு கிளிமெபிரைடு என்று கிளிபிசைடின் பங்காளி ஒன்றும் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று கலர் மாத்திரை, ஒன்று வெள்ளை. ஒன்று அட்டையில், ஒன்று பொட்டலத்தில். எனக்கே தெரியவில்லை.

இதன் நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. அத்தைக்கு விரதம். மாத்திரை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நாலரைக்கு நான் வீடு திரும்பியபோது சமையலறைத் தரையில் குளிர்பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ‘வா மங்களம்’ என்றார். மங்களம் அவருடைய அக்கா. இறந்து பத்து வருடமாகிறது. வாய் குழறியது. பக்கவாதம் என்றே நினைத்தேன். கதவைத் திறந்து போட்டுக் கத்தினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஓடிவந்தார். அவர் வீட்டுக்காரர் இருபது வருடச் சர்க்கரைக்காரர். அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், திரும்ப ஓடிப்போய்த் தம் வீட்டு மீட்டரை எடுத்துவந்து விரலில் குத்தினார். திரையில் 2.9 என்று காட்டியது.

‘ரெண்டா, ரெண்டா!’ என்று பதறினார்.

நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு, ‘ஆமாம், ரெண்டுதான், ரெண்டு புள்ளி ஒன்பது’ என்று தமிழில் சொன்னேன். மலாயில் அந்தச் சொல்லுக்குத் ‘தாழ்வு’ என்று பொருள் என்பது பதினைந்து வருடம் இங்கே இருந்தும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். சர்க்கரை எங்கேயாவது மூன்று இருக்குமா? மக்சிக் என்னைத் தள்ளிவிட்டு ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலக்கி, கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தேன். 2.9 ஊர்க் கணக்கில் 52. அதை 52 என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கே புரிந்திருக்கும்.

மருத்துவமனையில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். இந்த வகை மாத்திரைகளின் வேகம் சீக்கிரம் அடங்காதாம்; ஏற்றிய சர்க்கரை மறுபடியும் இறங்குமாம். வருகை அட்டைக்காரருக்கு அரசாங்கச் சலுகை கிடையாது, மெடிஷீல்ட் லைஃப் என்கிற அடிப்படை மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. பில் நான்கு இலக்கத்தில் வந்தது. பொங்கோல் அன்பரின் கணக்கில் விட்டுப்போன வரி இதுதானோ என்று நினைப்பீர்கள். இது பாதிதான். அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் எழுதுகிற பலகையோடு வந்து கேட்டார்: இவருடைய வழக்கமான டாக்டர் யார்?

எனக்குப் பதில் இல்லை. இருமலுக்குப் போன மருந்தகம் ஒன்று, கால் எரிச்சலுக்குப் போனது ஒன்று, முட்டி வலிக்கு லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் தமிழ் டாக்டர் ஒருவர், மன்னார்குடியில் மாமனார் காலத்து டாக்டர் ஒருவர். நான்கு பேருக்கும் அத்தையைத் தெரியும். யாருக்கும் அத்தையைத் தெரியாது. பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் பார்க்கிற தேசிய மின்பதிவில் மன்னார்குடிச் சீட்டு இருக்காது. அந்தச் சீட்டு கட்டைப்பையில் மட்டும்தான் இருந்தது.

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்க முன்கூட்டியே எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எந்த மருந்தகத்திலும் நுழைந்து அடையாள அட்டையையோ கடப்பிதழையோ காட்டினால் ஐந்து நிமிடத்தில் உங்கள் பெயரில் பதிவு திறந்துவிடுவார்கள். டாக்டரைப் பார்த்து, அதே கவுண்டரில் மருந்தையும் வாங்கிக்கொண்டு வரலாம். இது பெரிய வசதி. அந்த வசதிதான் எங்களை அலைய வைத்தது. எங்கே கூட்டம் குறைவோ அங்கே போவோம். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு புதுப் பதிவு.

கவுண்டர் என்றதும் இன்னொன்று. அத்தையின் கடப்பிதழில் அவர் பெயருக்குப் பிறகு மாமனார் பெயர் இருக்கிறது. ஓர் இடத்தில் மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தை சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கணவர் பெயரை வாழ்நாளில் தாம் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கவுண்டரில் எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது. கேட்டால் மாற்றிக்கொள்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் அத்தைக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்தது. நீல அட்டை வந்த சில வாரத்தில் அவர் கைப்பேசிக்கு ஹெல்தியர் எஸ்ஜி பற்றி ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போக வைக்கிற அரசாங்கத் திட்டம் அது. என் வீட்டுக்காரர் மோசடி என்று அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘இதைத் தட்டுங்கள்’ என்று வருகிற எதையும் தொடக்கூடாது என்றுதானே நாமே பெரியவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பிறகு நான்தான் சமூக மன்றத்தில் விசாரித்தேன். 2023 ஜூலையில் 60 வயதைக் கடந்தவர்களோடு தொடங்கிய திட்டம், பின்பு 40 வரை இறங்கியிருக்கிறது. குடிமக்களும் சேரலாம், நிரந்தரவாசிகளும் சேரலாம். ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் என்கிற அரசாங்க மின்னடையாளம் வழியாக நுழைந்து, பட்டியலில் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலதுறை மருந்தகமாகவும் இருக்கலாம், தனியார் மருந்தகமாகவும் இருக்கலாம். பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சிங்பாஸுக்கு முகத்தைக் காட்டச் சொன்னபோது அத்தை பொட்டைச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவையில் ஏற்றுக்கொண்டது.

எந்த மருந்தகம் என்பதில் வீட்டில் சண்டையே நடந்தது. என் வீட்டுக்காரருக்குத் தேக்காவில் தமிழ் டாக்டர் வேண்டும். நான் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கிற மருந்தகத்தைச் சொன்னேன். அங்கே டாக்டர் ஒரு சீன அம்மா. தமிழில் ‘வலிக்குதா’ என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். தமிழ் நாளிதழுக்கு எழுதுகிற கடிதத்தில் இதைச் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன்: முட்டி வலியோடு எம்ஆர்டி ரயில் ஏறிப்போய்ப் பார்க்கிற தமிழ் டாக்டரைவிட, மாதாமாதம் நடந்தே போய்ப் பார்க்க முடிகிற டாக்டர்தான் மேல். மொழிக்கு நான் இருக்கிறேன். நான் இல்லாத நாளில் அங்கே ஜொகூர்த் தமிழ்ப்பெண் ஒருத்தி கவுண்டரில் இருக்கிறாள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது கட்டைப்பையை அப்படியே எடுத்துப்போனோம். டாக்டர் அதை மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிற மருந்தின் உண்மைப் பெயரைப் படித்தார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது கடல் தாண்டினால் செல்லாது. ‘டெல்மா’ என்று நான் சொன்னபோது புரியாதவருக்கு, ‘டெல்மிசார்டன்’ என்று படித்ததும் புரிந்துவிட்டது. ஒரு தாளில் இடப்பக்கம் ஊர்ப் பெயர், வலப்பக்கம் உள்ளே இருக்கிற மருந்து என்று எழுதினார். எழுதி முடித்தபோது தெரிந்தது, கேஸ் மாத்திரையை எப்போதோ யாரோ சில நாளைக்கு எழுதித்தந்ததை அத்தை நான்கு வருடமாகச் சாப்பிட்டுவருகிறார்.

அலர்ஜி உண்டா என்று கேட்டதற்கு அத்தையின் பதில், ‘கத்தரிக்கா.’ டாக்டர் அதையும் எழுதிக்கொண்டு சும்மா இருந்தார். அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தையே, ‘ஒரு தடவ பல்லு வீங்கினப்ப ஊசி போட்டாங்க, ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சு’ என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாத சேதி. என்ன ஊசி என்று தெரியவில்லை. மன்னார்குடிப் பல் டாக்டர் இப்போது இல்லை. ஆனால் அது இப்போது ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திட்டத்தைப் பற்றிப் பேசுகிற அந்த முதல் சந்திப்புக்கு எங்களிடம் கட்டணம் வாங்கவில்லை. மற்றபடி நிரந்தரவாசிக்கும் குடிமகனுக்கும் வித்தியாசம் உண்டு. மருந்தகக் கட்டணத்தில் சலுகை தருகிற சாஸ் அட்டை குடிமக்களுக்கு மட்டும்தான். பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளில் பெரும்பாலானவையும் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குத்தான் முழு இலவசம். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்களுக்கு மகனின் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து தாய்க்குக் கட்டலாம், வருட வரம்புக்கு உட்பட்டு. நாங்கள் அப்படித்தான் கட்டுகிறோம். ஊர் விலையோடு ஒப்பிட்டால் இப்போதும் கூடுதல்தான்.

வருகை அட்டையிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ இருப்பவர்கள் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. அவர்கள் ஒரு டாக்டரிடமே தொடர்ந்து போவதை யாரும் தடுக்கவில்லை. அத்தை வந்த முதல் வாரமே, உடம்பு நன்றாக இருந்தபோதே, பையோடு ஒரு டாக்டரிடம் போயிருந்தால் ஒரு தடவைக் கட்டணத்தோடு போயிருக்கும். மருந்தை ஊரிலிருந்தே வரவழைத்துக்கொள்கிறோம் என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலும், கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே இப்போது நினைக்கிறேன். நாம்தான் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி ஒளிக்கிறோம்.

துவாஸ் விடுதியில் இருக்கிற என் சித்தப்பா மகனின் சங்கதி வேறு. வேலை அனுமதி அட்டைக்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி வாங்கியே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படைச் சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது. அதற்கென்று மருந்தகமும் இருக்கிறது. அவன் அங்கே போவதில்லை. எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தால் சூப்பர்வைசர் முறைப்பாராம். ‘அக்கா, டோலோ இருக்கா?’ என்று என்னிடம் கேட்பான். நானும் கொடுத்திருக்கிறேன். இனிமேல் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், அவன் நம்பவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஊர்ச் சர்க்கரைக் கணக்கும் இந்த ஊர்க் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி அச்சிட்டால் வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டிக்கொள்வோம். நான் காகிதத்தில் எழுதி ஒட்டியதில் சாம்பார் தெறித்து 7க்கும் 1க்கும் வித்தியாசம் தெரியவில்லை. மருந்தகங்களை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் நாள் நிரப்பச் சொல்கிற தாளில் ‘வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மருந்து வீட்டில் இருக்கிறதா?’ என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். ‘இப்போது சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் எங்கள் அத்தைமார் இப்போதைக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். பொங்கோல் அன்பரே, பை வரட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அட்டையின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, உங்கள் வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

அத்தையின் ஹெச்பிஏ1சி போன தடவை 7.4. கிளைகோமெட் கட்டைப்பையில் வருவது நின்றுவிட்டது. இப்போது அதில் நார்த்தங்காய் ஊறுகாய் வருகிறது. அடுத்த மாதச் சந்திப்புக்கு டாக்டரம்மாவுக்கு ஒரு பாட்டில் எடுத்துப்போக வேண்டும் என்று இப்போதே எடுத்து வைத்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னதே அவர்தான் அத்தை என்றால், ‘அது எனக்குத்தானே சொன்னாங்க, அவங்களுக்கு இல்லயே’ என்கிறார்.

இப்படிக்கு,
மன்னார்குடி மருமகள்
செங்காங்